ஒன்பதாவதாக இறங்கியவர்

சபைக்கு நூறு வயது ஆகிறது, சுருக்கமாக ஒரு வரலாறு எழுதி அச்சடித்துவிடலாம் என்று போதகர் சொன்னதும் எல்லோருடைய பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது. அந்தப் பக்கத்தில்தான் தையற்காரி உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடமாக அவள்தான் சபைச் செயலாளர். கூட்டத்தில் யார் என்ன சொன்னார், எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று எழுதிவைக்க வேறு ஆள் கிடைக்காமல் அந்த வேலையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். இப்போது நூறு வருடத்தையும் சேர்த்துக் கட்டினார்கள்.

நூறு வருடம் என்றதும் பெரிய கோபுரமெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாவு மில்லுக்கும் டிராக்டர் பழுதுபார்க்கும் கொட்டகைக்கும் நடுவே செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கூடம், அவ்வளவுதான். மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது. அது ஒரு சிலருக்கு வசதியாகவே இருந்தது. பட்டியலில் இருந்த அங்கத்தினர்கள் முப்பத்தொரு பேர். மேடையில் போட்டிருக்கும் பலகைகளைத் தூக்கினால் அடியில் சிமெண்டுத் தொட்டி. இவர்கள் பாப்டிஸ்டுகள். மற்ற எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார்கள், தொட்டி விஷயத்தில் மட்டும் மாட்டார்கள். விவரம் தெரிந்த ஆள், தானாகக் கேட்டு, தண்ணீருக்குள் முழுசாகப் போய் வந்தால்தான் ஞானஸ்நானம். பச்சைக் குழந்தையின் தலையில் நாலு சொட்டுத் தெளிப்பதெல்லாம் வேறு சபைக்காரர்கள் செய்வது. இவர்கள் அதைப் பேச்சிலேயே சேர்க்க மாட்டார்கள்.

அந்த முழுக்குக்குக் காவல் தையற்காரியின் மாமியார். எழுபத்தேழு வயது. ஊரில் அவருக்கு மறுபடி அம்மா என்று பெயர். யாருக்கு முழுக்கு நடந்தாலும் தொட்டி விளிம்பில் வந்து குனிந்து நிற்பார். முழங்கை நுனி வெளியே தெரிந்தாலும் சரி, உச்சியில் ஒரு கொத்து முடி நனையாமல் மிதந்தாலும் சரி, "மறுபடி" என்பார். போதகர் மறுபேச்சுப் பேசாமல் ஆளை மறுபடி அமிழ்த்துவார். போதகருக்கு உதவும் டீக்கனாக இருக்கும் பால்காரருக்கு அந்தக் காலத்தில் மூன்று முறை நடந்ததாம். மூன்றாவது முறை தும்மிக்கொண்டே பரிசுத்தமானேன் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். தையற்காரிக்கு இரண்டு முறை. முழுக்குக்குப் போடும் வெள்ளை அங்கி தண்ணீரில் உப்பிக்கொண்டு மேலே வந்துவிடுகிறது என்று, அடி மடிப்பில் ஈய வில்லைகளை வைத்துத் தைக்கச் சொன்னதும் மாமியார்தான். அந்த வில்லைகளைத் தைத்துத் தைத்தே தையற்காரியின் ஆள்காட்டி விரல் காய்த்துப்போயிருந்தது.

வரலாறு எழுதுகிற வேலையோடு இன்னொரு தலைவலியும் சேர்ந்து வந்திருந்தது. அவளுடைய நாத்தனார் சபைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். இரண்டே வரி. என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அப்பம் எடுக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சபை அவளை நீக்கியிருந்தது. தெளிப்புச் சபைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள், அதைக்கூடப் பொறுத்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. பதினெட்டாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி வார்டிலேயே கணவனின் போதகரை வரவழைத்து, மேஜை மேலிருந்த டம்ளரில் தண்ணீர் எடுத்துத் தலையில் விட்டுப் பெயர் வைத்தார்கள். பத்தொன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது. குழந்தையைப் புதைத்த மண் காய்வதற்குள் இங்கே கூட்டம் போட்டார்கள். முறையில்லாத தெளிப்புக்குத் தன் குழந்தையைக் கொடுத்த குற்றத்துக்காக அவள் பெயரை அடித்தார்கள். அடிக்கச் சொல்லி முதலில் எழுந்தது பெற்ற தாய். 'ஏகமனதாக' என்று குறிப்பேட்டில் இருக்கிறது. அந்த ஏகமனதில் தையற்காரியின் கையும் உண்டு. அப்போது அவள் கல்யாணமாகி வந்து இரண்டு வருடம்கூட முடியாத மருமகள். பக்கத்தில் மாமியார், அந்தப் பக்கம் கணவன். எல்லோரும் தூக்கினார்கள், அவளும் தூக்கினாள். தூக்கிய கை இன்னும் கீழே இறங்கவில்லை என்று சில நாள் அவளுக்குத் தோன்றும்.

நாத்தனாரின் கணவன் போன வருடம் இறந்துவிட்டான். அவள் ஊரோடு வந்து, மில்லுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலைக்குப் போகிறாள். ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்து, அங்கத்தினர் அல்லாதவர்கள் உட்காரும் கடைசி பெஞ்சில் உட்காருவாள். மாதம் ஒருமுறை அங்கத்தினருக்கு மட்டும் தரும் திருவிருந்து அப்பத் தட்டு அவளுக்கு முன் வரிசையோடு திரும்பிவிடும். மாமியார் வெளியே வரும்போது "வந்தியா" என்பார். "வந்தேம்மா" என்பாள் அவள். தாய்க்கும் மகளுக்கும் வாரம் முழுவதற்கும் இவ்வளவுதான் பேச்சு.

கடிதத்தைப் பார்த்த போதகர் இளகிவிட்டார். மாமியார் இளகவில்லை. எழுந்து நின்று, குழந்தைக்கு நடந்தது ஞானஸ்நானம் இல்லை, வெறும் தண்ணீர் என்று அவள் சபை முன் ஒரு வார்த்தை சொல்லட்டும், சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். தையற்காரிதான் தூது போனாள்.

"வேற எது வேணாலும் சொல்றேன் அண்ணி," என்றாள் நாத்தனார். சலவைச் சோடாவில் வெந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "மண்டி போடச் சொன்னாலும் போடுறேன். அதை மட்டும் என்னால சொல்ல முடியாது. பத்தொன்பது நாள்ல அதுக்குன்னு நடந்தது அது ஒண்ணுதான். அதையும் இல்லைன்னு என் வாயாலயே சொல்லணுமா?"

அடுத்த ஞாயிறு காலாண்டுக் கூட்டம். அப்பம் எடுப்பதற்கு முன்னால் கூட்டம் நடத்துவது இந்தச் சபையின் பழக்கம். மனசில் எதையும் வைத்துக்கொண்டு தட்டைத் தொடக்கூடாது என்பது அதற்குக் காரணம். அந்தக் கூட்டத்தில் நாத்தனார் சேர்வாளா மாட்டாளா என்பது முடிவாகிவிடும்.

பழைய குறிப்பேடுகள் பிரசங்க மேடைக்குள் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. ஏழு புத்தகங்கள். தையற்காரி அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, தையல் மெஷின் பக்கத்தில் அடுக்கி, வேலைக்கு நடுநடுவே புரட்டினாள். முதல் செயலாளரின் எழுத்து மழையில் நனைந்த எறும்பு வரிசை போல இருந்தது. கூரை போட்டது, கூரை பறந்தது, மறுபடி போட்டது, ஒருவர் மாட்டை இன்னொருவர் அடித்தது, மன்னிப்புக் கேட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் அந்தப் பக்கத்துக்கு வந்தாள். ஐம்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய பக்கம், தொட்டி கட்டாத காலம், மழை பொய்த்த வருடம்.

'ஆற்றில் நீர் இல்லை. மணலில் குழி வெட்டி ஆறு பீப்பாய்த் தண்ணீர் விடப்பட்டது. எட்டுப் பேர் முழுகினர். ஒன்பதாமவர் இறங்கும்போது நீரை மண் குடித்துவிட்டது. கணுக்கால் அளவே நின்றது. போதகர் குடத்தால் தலையில் ஊற்றினார். மழை கண்டதும் ஒன்பதாமவருக்கு முறைப்படி முழுக்குக் கொடுப்பதென்று தீர்மானம்.'

அவள் அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினாள். பதினான்கு மாதம் கழித்து மழை வந்திருந்தது, ஆறு நிரம்பியிருந்தது, நன்றி ஜெபம் நடந்திருந்தது. முழுக்கு நடக்கவில்லை. யார் அந்த ஒன்பதாமவர் என்று அந்த வருடத்துப் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். எட்டுப் பெயர்களுக்குப் பக்கத்தில் இறந்தார், இறந்தார், ஊர் மாறினார் என்று இருந்தது. ஒன்பதாவது பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்பதாவது பெயர், எதிரே ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பழைய அங்கியின் மடிப்பைப் பிரித்து ஈய வில்லைகளை எடுத்துக்கொண்டிருந்தது.

தையற்காரி விரலை அந்தப் பெயரிலேயே வைத்திருந்தாள். மூடி வைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தாள். முடியவில்லை.

"அத்தை, ஒண்ணு படிக்கிறேன், கேக்குறீங்களா?"

"படி. கண்ணுதான் மங்கிப்போச்சு, காது இருக்குல்ல."

படித்தாள். குடம் என்ற இடத்தில் கத்தரிக்கோல் நின்றது. படித்து முடித்த பிறகும் மாமியார் நிமிரவில்லை.

"வாய் நெளிஞ்ச குடம்," என்றார் கடைசியில். "பாதித் தண்ணி தோள்லதான் போச்சு."

"அப்போ உங்களுக்குத் தெரியுமா!"

"தெரியாம? குழியில நின்னது நான்தானே." வில்லைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். "அந்தப் போதகர் மழைக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். புதுசா வந்தவர் கேட்டார், எல்லாருக்கும் முழுக்கு ஆச்சான்னு. அதுக்குள்ள நான் பதினாலு தடவை அப்பம் எடுத்திருந்தேன். முழுகாம எடுத்தேன்னு எந்த வாயால சொல்றது? கல்யாணம் வேற நிச்சயமாகியிருந்தது. ஆச்சுன்னு தலையாட்டிட்டேன். எழுதி வச்சிருந்தவரும் வாயத் திறக்கல. அவரு எனக்குச் சித்தப்பா முறை."

"அதுக்கப்புறம் யாரையும் விடாம மறுபடி மறுபடின்னு..."

"என் நிலைமை இன்னொருத்தருக்கு வரக்கூடாதுன்னுதான் நின்னேன். நீ என்ன நெனச்சே, அதிகாரம் பண்ணவா?"

தையற்காரி அப்படித்தான் நினைத்திருந்தாள். இருபத்துநாலு வருடமும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அதற்காக வெட்கப்பட்டாள், ஆனால் வெட்கத்தை மீறிக் கோபம் வந்தது.

"சரி அத்தை. உங்க தலையில குடம், அந்தக் குழந்தை தலையில டம்ளர். என்ன பெரிய வித்தியாசம்? பெத்த பொண்ண எதுக்கு நீக்கினீங்க?"

மாமியார், பிரசங்கம் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தக் குரலில் இல்லாமல் வேறு ஏதோ குரலில் பேசினார்.

"ஊத்தின தண்ணி செல்லும்னா, என் பொண்ண நான் அநியாயமா வெளிய தள்ளியிருக்கேன். செல்லாதுன்னா, ஐம்பத்தெட்டு வருஷமா அந்த பெஞ்சில உக்காந்திருக்கிற நான் யாரு? எதைச் சொல்லச் சொல்றே? ரெண்டுல எது சொன்னாலும் நான் செத்தேன்." டப்பாவை மூடினார். "அந்தப் பக்கத்தை விட்டுட்டு எழுது."

அதற்குப் பிறகு நாலு நாள் அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தமும் மெஷின் ஓடுகிற சத்தமும்தான். "ரெண்டு பேரும் எதுக்கு வாயைத் தைச்சு வச்சிருக்கீங்க?" என்று கணவன் கேட்டான். மில்லில் மெக்கானிக் அவன். இயந்திரத்தின் எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான், வீட்டில் மட்டும் ஒன்றும் பிடிபடாது. தையற்காரி வரலாற்றை இரண்டு விதமாக எழுதினாள். ஒன்றில் அந்தக் குழி இருந்தது, ஒன்றில் இல்லை. ஞாயிறு காலை இரண்டையும் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனாள். எதைப் படிப்பது என்று சபை வாசல் வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

கூட்டம் தொடங்கியது. செயலாளருக்கென்று மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேஜை உண்டு. தையற்காரி அங்கே குறிப்பேட்டைத் திறந்து வைத்தாள். வந்திருந்த அங்கத்தினர் இருபத்தேழு பேர். முதல் வரிசை ஓரத்தில் மாமியார், நிமிர்ந்த முதுகோடு. கடைசி பெஞ்சில் நாத்தனார் எழுந்து நின்றாள்.

போதகர் பதமாகத்தான் கேட்டார். "சொல்ல வேண்டியதைச் சொல்லிடலாமாம்மா?"

"சொல்ல வராதுங்க," என்றாள் அவள். "அன்னைக்கு என் குழந்தைக்கு என்ன நடந்ததோ அது நடந்ததுதான். நான் அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்படியே சேத்துக்கிட்டீங்கன்னா சேத்துக்கங்க."

இருமல்கள். பெஞ்சு நகரும் சத்தம். அப்படியானால் கை தூக்கிப் பார்த்துவிடலாம் என்றார் போதகர்.

தையற்காரி எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது. "அதுக்கு முன்னாடி வரலாறுல ஒரு பக்கம் படிக்கணும்," என்றாள். யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் குழியைப் படித்தாள். ஆறு பீப்பாய், எட்டுப் பேர், கணுக்கால், குடம், தீர்மானம். அந்தப் பக்கத்தில் பெயர் இல்லை. அவளும் பெயரைச் சொல்லவில்லை. மாமியார் இருந்த பக்கம் அவள் திரும்பவும் இல்லை.

பால்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "யாருப்பா அந்த ஒன்பதாவது ஆள்? நம்ம மறுபடி அம்மா மட்டும் அன்னைக்கு அங்க இருந்திருந்தா சும்மா விட்டிருப்பாங்களா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. போதகர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் காத்திருந்து, முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மாமியார் எழுந்தார்.

"அங்கதான் இருந்தேன். அது நான்தான்."

தகரக் கூரையில் ஒரு காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. பால்காரர் வாயை மூட மறந்திருந்தார்.

போதகர்தான் முதலில் தேறினார். நல்ல மனிதர், யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்று நினைப்பவர். "இதுல என்னம்மா இருக்கு, பழைய விஷயம்," என்றார். "வர்ற வாரமே தொட்டியை நிரப்பிடுவோம். வெந்நீர் கலந்துக்கலாம். நீங்க ஒரு தடவை முழுகி எழுந்தா எல்லாம் சரியாயிடும்."

மாமியார் சரி என்று தலையாட்டிவிட்டால் போதும், அவருடைய விஷயம் முடிந்தது. ஐம்பத்தெட்டு வருடம் அவர் ஏங்கிய தண்ணீர் அது. அவருடைய கண் மேடைப் பலகைகளின் மேல் போய் நிற்பதைத் தையற்காரி பார்த்தாள்.

"வேண்டாம்," என்றார் மாமியார்.

"ஏம்மா?"

"நான் இப்போ முழுகினா, அன்னைக்கு என் தலையில ஊத்தினது ஒண்ணுமில்லைன்னு ஆயிடும். அது ஒண்ணுமில்லைன்னா என் பேத்தி தலையில விட்டதும் ஒண்ணுமில்ல." பேத்தி என்ற சொல்லை அவர் வாயில் யாரும் அதுவரை கேட்டதில்லை. "எனக்கு அந்தக் குடமே போதும். அது போதும்னு நெனச்சுத்தான் ஒவ்வொரு நாளும் ஜெபம் பண்ணியிருக்கேன். போதாதுன்னு நெனச்சு ஒவ்வொரு நாளும் பயந்தும் இருக்கேன். இனிமே பயப்பட முடியாது. அவளைச் சேத்துக்கங்க."

போதகர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் வாக்கெடுப்புக்கு விட்டார். அந்த வார்த்தையைச் சொல்லாமலே அவளைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

தையற்காரி முதலில் தன் கையைத் தூக்கினாள். பிறகு மற்ற கைகளை எண்ணினாள். அவள் கணவன் சட்டென்று தூக்கினான், தூக்கிக்கொண்டே அழுதான். போதகர் தூக்கினார். மொத்தம் பன்னிரண்டு. சம்மதமில்லாதவர்கள் என்றதும் பதினான்கு கைகள், மெதுவாக, தரையைப் பார்த்தபடி. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. இருபது வருடமாக, முப்பது வருடமாக, முழங்கை நனையவில்லை என்று மறுபடி அமிழ்த்தப்பட்டவர்கள் அவர்கள். முழுசாக நனைய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே இன்று மாற்றிச் சொல்கிறார். மாமியார் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. "என் விஷயமே தீராம நான் எப்படித் தூக்குறது?" என்று மட்டும் சொன்னார்.

நாத்தனார் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாவோடது வேற," என்றார் பால்காரர் அவசரமாக. அவரும் அந்தப் பதினான்கில் ஒருவர். "அம்மா எத்தனை வருஷமா இங்க இருக்காங்க! அதையெல்லாம் யாரும் கிளற வேண்டாம். செயலாளரம்மா, அதைக் குறிப்புல எழுதாதீங்க. அந்தப் பக்கத்தையும் வரலாறுல சேக்க வேண்டாம்."

பலர் தலையாட்டினார்கள். ஆமாம், எழுத வேண்டாம், விட்டுவிடலாம். மாமியார் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அவளுக்கு ஒரு தராசு, எனக்கு ஒரு தராசா?" என்றார். "அவளை வெளிய உக்கார வச்சுட்டு என்னை மட்டும் எதுக்கு உள்ள வச்சிருக்கீங்க? நான் செஞ்ச அதே தப்பை நீங்களும் செய்யாதீங்கப்பா." மருமகள் பக்கம் திரும்பினார். "எழுதும்மா. என் பேரை அடிச்சுட்டு எழுது."

யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கும் எப்படி என்று தெரியவில்லை. அவர் தன் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துப் பிடித்து, நடுப்பாதையில் பின்னால் நடந்தார். கடைசி பெஞ்சில் நாத்தனார் நகர்ந்து இடம் விட்டாள்.

அப்பத் தட்டு புறப்பட்டது. பால்காரர்தான் கொண்டுபோனார். வரிசை வரிசையாகப் போய், கடைசிக்கு முந்தைய பெஞ்சு முடிந்ததும் அவருக்குத் திரும்பி வரக் கால் வரவில்லை. தட்டை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேர் முன்னால் நின்றார். மூன்று முறை தன்னை அமிழ்த்தச் சொன்னவர் முன்னால் நின்றார்.

"போப்பா," என்றார் மாமியார். "இங்க வராது அது."

பால்காரர் திரும்பினார். செயலாளர் மேஜையில் தையற்காரியின் பேனா, அடிக்க வேண்டிய பெயரின் மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. வரலாற்றின் கடைசி வரியை அவள் ஏற்கனவே எழுதிவைத்திருந்தாள், இன்று சபையில் முப்பத்தொரு பேர் இருக்கிறோம் என்று. நாத்தனாரையும் சேர்த்து முப்பத்திரண்டாக்கலாம் என்று காலையில் ஆசைப்பட்டிருந்தாள். இப்போது முப்பது என்று திருத்த வேண்டும். தான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு அப்போதே தொடங்கிவிட்டது. அது இனி அவளை விடப்போவதில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கடைசி பெஞ்சில் மாமியார் மகளின் வெந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தலை குனிந்திருந்த அந்த அமைதியில் அவர் கேட்டது முன் மேஜை வரைக்கும் தெளிவாக வந்தது.

"குழந்தைக்கு என்ன பேருடி வச்சே?"

இருபத்திரண்டு வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. தாய் கேட்கவில்லை, அண்ணன் கேட்கவில்லை. நூறு வருடத்துப் பெயர்களையும் எழுதி முடித்திருந்த தையற்காரியும் கேட்டதில்லை. நாத்தனார் அம்மாவின் காதருகே குனிந்து சொன்னாள். கிழவி கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்து, அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "மறுபடி சொல்லு," என்றார். அவள் மறுபடி சொன்னாள்.

தையற்காரி எவ்வளவோ காதைத் தீட்டிப் பார்த்தாள். முன் மேஜைக்கு அது கேட்கவில்லை.